கதவுப் பக்கம் திரும்பிய கேமரா

இன்று காலை ஒரு டிவிடி டிரைவுக்காகக் கும்பகோணத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். என் பழைய கணினியோடு அதுவும் செத்துப் போயிற்று. புது மடிக்கணினியில் அதற்கு இடமே வைக்கவில்லை. ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டிவிடியா? அதெல்லாம் இப்ப யாரு பாக்குறாக்கா? என்ன, கல்யாண வீடியோவா?” என்றார். “இல்லை, வகுப்பு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கப் பொறுமையில்லை. கடைசியில், பழைய சாமான் விற்கிற ஒருவர் மேசைக்கடியில் இருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அங்கேயே செருகிப் பார்த்தேன். வட்டு சுற்றத் தொடங்கி, சட்டென்று நின்று, மறுபடி சுற்றியது. இதே சத்தத்துக்காகத்தானே அன்றைக்கு நாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்?

அறுவடை முடிகிற சமயத்தில் நீ போனாய். இப்போது அதே வயல்களில் உளுந்து முற்றிவிட்டது. நாளை உன் கல்லூரியில் உனக்கு நினைவுக் கூட்டம். உன் பேச்சு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். “ரெண்டு நிமிஷம் போதும் மேடம். அவங்க முகம் மட்டும் தெரியுற மாதிரி, வேற யாரும் வராத மாதிரி வெட்டிக் குடுங்க” என்றார் போனில் ஒருவர். அவர்களுக்காக இருந்தால் நான் இப்படி வெயிலில் அலைந்திருக்க மாட்டேன். போன வாரம் உன் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது அவர் ஒன்று கேட்டார்: “அவ குரலு எதுலயாவது இருக்கா ஆயி? ஒரு தடவ கேட்டாப் போதும்.” அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் குரல் இருக்கிற ஒரே இடம் எது என்று எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்றும் தெரியும்.

உனக்குப் பொறுமை அதிகம், எனக்கு அறவே கிடையாது. ஒரே விடுதி அறையில் எப்படித்தான் காலம் தள்ளினோமோ. படிப்பு முடிந்ததும் நான் அப்பாவின் ஸ்டுடியோவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தேன். நீ புவியியலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே படித்தாய். படித்து முடித்தும் என்ன? வருஷா வருஷம் நீட்டிப்பு வருமா வராதா என்று காத்திருக்கிற தற்காலிக விரிவுரையாளர். “நிரந்தரமா ஒரு வேலை கெடைக்கட்டும்டி, அப்புறம் பாரு, அப்பாவை வயக்காட்டுப் பக்கமே விட மாட்டேன்” என்பாய். அவர் கேட்கிற ஆளா என்பது வேறு விஷயம்.

அந்த நிரந்தர வேலை ஒரு தை மாதத்தில் உன் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. அறிவிப்புதான் தாமதமாக வந்து சேர்ந்தது. நீ ஸ்டுடியோ படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது.

“என் வகுப்பை டிவிடியில போட்டுக் குடுக்கணுமாம். நாளன்னிக்குக் காலையில சென்னையில ஆபீஸ் திறக்கும்போது அது அங்க இருக்கணும். இல்லைன்னா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க.”

நிபந்தனைகளைப் படித்துக் காட்டினாய். எதிரில் ஆட்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேமரா பேசுகிறவர் மேலேயே இருக்க வேண்டும். எங்கேயும் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. கல்லூரியோ பொங்கல் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போயாயிற்று. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. எப்போது வரும், எப்போது போகும் என்று மின்சாரத்துக்கே தெரியாது. என் ஸ்டுடியோவில் ஒரு வட்டை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை போய்விடும்.

“நாளைக்கு எனக்குக் கல்யாணம் இருக்குடி” என்றேன்.

“உனக்கா?” என்றாய். அந்த நிலையிலும் உனக்குக் கிண்டல்.

கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. “அங்கயே வா. மத்தியானச் சாப்பாடு ஆச்சுன்னா ரிசப்ஷன் வரைக்கும் மண்டபம் சும்மாதான் கெடக்கும். ஜெனரேட்டர் இருக்கு, மைக் இருக்கு, லைட்டு இருக்கு. கேக்கறதுக்கு ஆளும் இருக்கு. மேடையில ஏறிப் பேசு. நான் கம்ப்யூட்டரையும் அங்க தூக்கிட்டு வந்துடறேன்.”

“யார் வீட்டுக் கல்யாணம்?”

சொன்னேன். உன் முகம் சுருங்கியது. உன் ஊர் மிராசுதார் வீடு. உன் அப்பா ஆயுசு முழுக்க அந்தப் பண்ணையில்தான் உழைத்தார்.

“அப்பா அங்கதான்டி இருப்பாரு. வாசல்ல வாழமரம் கட்ட அவரைத்தான் கூப்பிடுவாங்க.”

“இருந்தா என்ன?”

“உனக்கென்ன, சொல்லுவ.”

எனக்கு அப்போது அதற்கெல்லாம் காது இல்லை. மண்டபத்தை விட்டால் வேறு வழி இருந்தால் சொல் என்று கத்தினேன். நீ வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, எந்தப் புடவை கட்டிக்கட்டும்?” என்று கேட்டாய்.

குத்தாலத்து மண்டபம். பெண்ணின் அப்பாவிடம் முன்னாடியே கேட்டுவிட்டேன். “நல்ல காரியந்தானே, பேசட்டும். நம்ம பிள்ளைங்களும் கேக்கட்டும்” என்றார். யார் பேசப்போவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடையில் பூவால் எழுதியிருந்த மணமக்கள் பெயரை ஒரு பட்டுத் துணி போட்டு மறைத்தோம். வாசலில் இருந்த வரவேற்புப் பலகையைத் தூக்கி வந்து பின்புறத்தைத் திருப்பி நிறுத்தினோம். நீ அதில் சாக்பீஸால் ஓர் ஆற்றையும் அதிலிருந்து பிரிகிற வாய்க்கால்களையும் வரைந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையல்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம், ஓடி விளையாடும் பிள்ளைகள், எங்கேயோ ஒரு குறட்டை. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். அங்கே பாதிப் பேர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு வகுப்பா என்று எனக்கு அழுகையே வந்தது.

நீ மைக்கைப் பிடித்து, “முதல்ல ஒண்ணு கேக்குறேன்” என்றாய். எந்த வகுப்பையும் நீ அப்படித்தான் தொடங்குவாய். “இங்க தலைமடைக்காரங்க எத்தனை பேரு, கடைமடைக்காரங்க எத்தனை பேரு? கை தூக்குங்க.”

அவ்வளவுதான். குறட்டை நின்றது. வாய்க்காலில் முதலில் தண்ணீர் ஏறும் நிலத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். கடைசியில் காத்துக் கிடக்கும் நிலத்துக்காரர்கள் சிரிக்காமல் தூக்கினார்கள். தண்ணீர்ப் பேச்சென்றால் நம் பக்கத்து ஆள் தூங்கவே மாட்டான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுவது எப்படி வந்தது, ஓர் ஆற்றின் கை எப்படி விரிகிறது, கடைசி விரல் ஏன் எப்போதும் காய்கிறது என்று பலகையில் கோடு கோடாக இழுத்துக் கொண்டே போனாய். பந்தியில் இருந்த பெண்கள்கூடக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பின்னால், கதவோரம் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் கையைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சு பாதியைத் தாண்டியிருக்கும். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் பெரியப்பா சத்தமாகக் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றம்மா. நீ எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் ஒருவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். தெரிந்த பிறகு வாங்கிக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி. என் கை இருக்கிறதே, அது கல்யாண வீட்டுக் கை. பேசுகிறவர் பக்கம், சிரிக்கிறவர் பக்கம், மூக்கைச் சிந்துகிறவர் பக்கம் தானாகத் திரும்பிப் பழகியது. அது உன்னை விட்டுவிட்டுப் பெரியப்பாவிடம் போய், அவர் வெற்றிலை வாயை அழகாகப் பிடித்துக்கொண்டு நின்றது. கேமரா உன் மேலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உறைத்ததும் பதறிப்போய் உன்னிடம் திருப்பினேன்.

நீ சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாய். ‘ஊர்ப் பேரை மட்டும் சொல்லிட்டுத் தாண்டிப் போடி’ என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். வெட்ட முடியாத பேச்சு அது. நீ என்ன சொன்னாலும் அது அப்படியே சென்னைக்குப் போகும். சொல்லாமல் விழுங்கினால் அதுவும் போகும்.

“நல்ல கேள்விங்கய்யா” என்றாய். “இந்தப் பாடமே அங்கதான் ஆரம்பிக்குது. தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குப் போவும்னு புத்தகத்துல இருக்கு. அது பாதிதான். மடையில மம்முட்டியோட யாரு நிக்கிறாங்களோ, அவங்க திருப்புற பக்கமும் போவும். உங்க நெலத்துக்கு அப்படித் தண்ணி திருப்பினவரு பொண்ணுதான் நான். உங்க ஊருதான். பசங்க நாங்க தூங்கும்போது போவாரு, எழுந்திரிக்கும்போது சேத்துக் காலோட வருவாரு. அவரைத்தான் நான் மொதல்ல படிச்சேன், புவியியல் எல்லாம் அப்புறம்.” சாக்பீஸை நீட்டிக் காட்டினாய். “அதோ, அந்தக் கதவுகிட்ட நிக்கிறாரு பாருங்க, அவருதான் எங்கப்பா.”

பாழாய்ப்போன என் கை மறுபடியும் திரும்பியது. மண்டபமே திரும்பியது. கதவில் ஆளில்லை. அவர் கட்டிய வாழைமரத்தின் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு பெரியப்பாதான், “அட, நம்ம மாணிக்கம் பொண்ணா?” என்றார். அந்தக் குரலில் இருந்தது வியப்பா, பெருமையா, வேறு ஏதாவதா என்று இன்று வரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. “சொல்லும்மா, மேல சொல்லு” என்றார். நீ சொன்னாய். ஒருவர் கடைமடைக்கு வடிகால் பற்றிக் கேட்டார், அதற்கும் சொன்னாய். கடைசி வரைக்கும் ஒரு நாற்காலி காலியாகவில்லை.

டேப்பில் உள்ளதைக் கணினிக்குள் இறக்க, பேச்சு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். மணப்பெண் அறையில்தான் கணினியை வைத்திருந்தேன். ஒரு பக்கம் ரிசப்ஷனுக்காகப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் நாம் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேள்வி வந்த இடத்தில் மணப்பெண் கண்ணாடிக்குள்ளிருந்தே, “எங்க பெரியப்பா எல்லாரையும் அப்படித்தான் கேப்பாருக்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். நீ சிரித்து, “இல்லம்மா, எல்லாரும் கேக்கறதுதான்” என்றாய். பிறகு கதவு வந்தது. ஆளில்லாத கதவு. நீ மேடையில் இருந்தபோதே பார்த்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். விளக்கு வெளிச்சம் உன் கண்ணில் அடித்ததில் நீ பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“போயிட்டாரா?” என்றாய்.

“கேள்வி கேட்டப்பவே போயிருப்பாரு போல. அந்த இடத்தை மட்டும் எடுத்துடட்டுமாடி? கேமரா உன்னை விட்டுத் திரும்பினதைப் பாத்தா ஒத்துக்க மாட்டாங்க. யாருக்கும் தெரியாம ஒட்டிடுவேன்.”

“வேணாம்.”

“வேலை போயிடும்டி!”

“போனாப் போவுது. வெட்டாதே.” உன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு முறைதான். தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வட்டில் எழுத ஆரம்பித்தோம். முடிகிற நேரத்தில் மின்சாரம் வந்து தொலைத்தது. வராதபோது வராது, வரக்கூடாத நேரத்தில் வரும். ஜெனரேட்டரிலிருந்து மாற்றிய அந்த நொடியில் திரை இருண்டு, வட்டு நின்றுபோயிற்று. வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிற கதை. நான் மண்டபத்து மேனேஜரையும் மின்சாரத்தையும் சேர்த்துத் திட்டினேன். நீ இன்னொரு வட்டை எடுத்து என்னிடம் நீட்டினாய். வட்டு சுற்றத் தொடங்கி, சட்டென்று நின்று, மறுபடி சுற்றியது. நாம் இருவரும் மூச்சு விடவில்லை. எழுதி முடித்து வெளியே வந்தபோது அது கைபொறுக்காத சூடாக இருந்தது. உறை தேடக்கூட நேரமில்லை. ஒரு தாம்பூலப் பையைப் பறித்து, தேங்காயை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு வட்டையும் போட்டு உன் கையில் கொடுத்தேன். ரிசப்ஷன் மேளம் தொடங்கும்போது நீ சென்னை பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாய். பிறகு நமக்கென்று இன்னொரு வட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்தக் கதவைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். “அங்க யாருமே இல்லையேன்னாங்க. அவருக்கு வேலை இருந்திருக்கும்னு சொன்னேன்டி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு முடிந்த பிறகும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குப் போட்டுக் காட்டு என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “இந்தப் பொங்கலுக்குப் போடறேன்” என்பாய். அடுத்த பொங்கலும் வரும். ஒருமுறை நான் விடாமல் பிடித்துக்கொண்டதும் உண்மையைச் சொன்னாய். “அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டேன். அவருக்கு முன்னாடி உக்காந்து அதைக் கேக்க வெக்கமா இருக்குடி.” உன்மேல் எனக்குக் கோபம் வந்த நாட்களில் அதுவும் ஒன்று. இப்போதும் அந்தக் கோபம் இருக்கிறது. இருந்து என்ன செய்ய?

கும்பகோணத்திலிருந்து நேராக உன் ஊருக்குத்தான் போனேன். நீ கட்டிய வீட்டில்தான் அப்பா இருக்கிறார். வாசலில் பறித்துப் போட்ட உளுந்துச் செடி காய்ந்துகொண்டிருந்தது. ஆடு வாய் வைக்காமல் இருக்க ஒரு குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து, வெளிச்சம் படாமல் என் முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

நீ வந்தாய். “முதல்ல ஒண்ணு கேக்குறேன்” என்றாய். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். உன் குரலுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பெரியப்பாவின் கேள்வி வந்ததும் அவர் உடம்பு விறைத்தது. கை தானாகத் துண்டைத் தேடியது. நீயே சொன்னாய், சேத்துக் காலைப் பற்றி, மம்முட்டியைப் பற்றி, அந்தக் கதவைப் பற்றி. கதவு வந்தது. பேச்சு முடியும் வரை அவர் அசையவில்லை.

“என்னப் பத்தி அவ சொல்ல மாட்டான்னு நெனச்சேன் ஆயி” என்றார். “சொல்லாம இருந்தாத்தான் அவளுக்கு நல்லதுன்னு நெனச்சேன். நான் அங்க நின்னு, யாராவது என்னக் காட்டி, அவ வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு சமையக்கட்டுப் பக்கம் போயிட்டேன்.”

“தெரியும்பா.”

“இத அவ சொன்னப்ப அய்யா வீட்டாளுங்க எல்லாம் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“எழுந்து போவலையா?”

“யாரும் போவல. கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாங்க.”

அவர் திரையைப் பார்த்தார். அதில் நீ நின்றுபோயிருந்தாய், சாக்பீஸ் கையோடு.

“நாந்தான் போயிட்டேன்” என்றார்.

எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறேன், எவ்வளவோ வெட்டிப் போட்டிருக்கிறேன். எதுவும் நினைவில் இல்லை. அந்தக் காலிக் கதவை மட்டும் இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அவரிடம் காட்டினால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தது என் அவசரபுத்தி. இறங்கவில்லை. இப்போது அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்லூரிக்காரர்களுக்குப் போன் போட்டு, பேச்சை முழுசாகத்தான் கொடுப்பேன், வெட்ட மாட்டேன் என்று சொன்னேன். நேரமில்லை என்றார்கள். சண்டை போட்டேன். கடைசியில் சரி என்றார்கள். நீ இருந்தால் “ஏன்டி கத்துற” என்று கேட்டிருப்பாய்.

கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார்.

“நாளைக்கு நான் எங்க உக்காரணும் ஆயி?”

“முன்னாடிதான்பா. மொத வரிசையில.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரி. கடைசி வரைக்கும் இருக்கேன்” என்றார்.